கரன்ட்டை வடிகட்டினா பாட்டு இனிக்குமா?

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிக்கிட்டே போன மேட்டர் ஒண்ணு இருக்கு, அதை இன்னிக்கு இறக்கி வச்சிடறேன். கொஞ்சம் டெக்னிக்கல்தான். ஆனா ப்ளஸ் டூ பிசிக்ஸ் தாண்டாது, பயப்படாதீங்க.

அடியேன் படிச்சது ட்ரிபிள் ஈ. புடுங்கறது ஜாவா ஆணி. ஓசூர்ல வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில பொட்டி தட்டற வேலை. தினமும் காலையில அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்குப் போய், ராத்திரி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வர்ற ஜனத்துல நானும் ஒருத்தன். கரன்ட் பத்தி படிச்சதை எல்லாம் நாலாவது வருஷத்தோட மூட்டை கட்டி வச்சாச்சு. அந்த மூட்டையைத் திரும்ப அவிழ்க்க வச்சது அப்பாவோட ஆம்ப்ளிஃபயர்.

இந்த ஹோம் ஆடியோ ஆளுங்க கூடற இடத்துல ஒரு பேச்சு அடிக்கடி ஓடும். "உங்க சிஸ்டம்லாம் நல்ல சிஸ்டம்தான் பாஸ், ஆனா வர்ற கரன்ட் அழுக்கு. அதுக்கு ஒரு பவர் ஃபில்டர் போட்டுப் பாருங்க. பின்னணி அப்படியே இருட்டாயிடும், வீணை தனியா தபேலா தனியா நிக்கும்." இதுக்குன்னே ஆயிரம் ரூபாய் போர்டுல இருந்து லட்ச ரூபாய் பெட்டி வரைக்கும் மார்க்கெட்ல இருக்கு. ஓசூர்க்காரன்னு சொல்லிட்டா இன்னும் விசேஷம். "அய்யய்யோ, சிப்காட் பக்கத்துலயா? அங்கே கரன்ட் சாக்கடை மாதிரில்ல இருக்கும்!"

கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. 1970-கள்ல சிப்காட் வந்ததுல இருந்து இந்த ஊர் தொழிற்சாலை ஊர். லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்னு பெரிய கம்பெனிகள். அதுங்களுக்கு பாகம் செஞ்சு கொடுக்கற சின்ன ஷெட்டுகள் எண்ணிக்கையில அடங்காது. அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி ரோட்டுல கிரானைட் அறுக்கற பட்டறைகள். இத்தனை மோட்டாரும் வெல்டிங்கும் ஓடற ஊர்ல என் வீட்டு ப்ளக்ல மட்டும் சுத்தமான சைன் வேவ் வருமா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பெரிய கம்பெனி எதுவும் நம்ம தெரு ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து கரன்ட் எடுக்கறதில்லை. அவங்களுக்கு எச்.டி. கனெக்‌ஷன், ஆயிரக்கணக்கான வோல்ட்ல வரும், அவங்க வளாகத்துலயே சொந்த ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு இறக்கிக்குவாங்க. அங்கே ஒரு பெரிய டிரைவ் துப்பற ஹை ஃப்ரீக்வென்சி குப்பை நம்ம வீட்டுக்கு வரணும்னா, அவங்க ட்ரான்ஸ்ஃபார்மர் ஏறி, லைன்ல கிலோமீட்டர் கணக்கா நடந்து, நம்ம ட்ரான்ஸ்ஃபார்மர் இறங்கி வரணும். அதுக்குள்ள அது செத்துப் போயிடும். வோல்டேஜ் சட்டுனு விழறது, வேவ்ஃபார்மோட தலை கொஞ்சம் தட்டையாகறது, இதெல்லாம் வரலாம். ஆனா ஸ்பீக்கர்ல கேக்கற கரகரப்புக்கு சிப்காட்டைத் திட்டறது, மழை பெஞ்சதுக்கு பக்கத்து ஊர்க்காரனைத் திட்டற கதைதான்.

அப்போ யாரைத் திட்டறது? முதல்ல ஒரே தெரு ட்ரான்ஸ்ஃபார்மரைப் பங்கு போட்டுக்கற லேத் பட்டறை, வெல்டிங் கடை, மாவு மில். அதைவிட நெருக்கமா, நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கற சாமான்கள். மட்டமான எல்.இ.டி. பல்ப், பேர் தெரியாத மொபைல் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்.

இதைக் கண்டுபிடிக்க ஆஸிலோஸ்கோப் எல்லாம் வேண்டாம். மீடியம் வேவ் எடுக்கற பாக்கெட் ரேடியோ ஒண்ணு போதும். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்துல முள்ளை வச்சிட்டு, சவுண்டை ஏத்திக்கிட்டு, வீடு முழுக்க மோப்ப நாய் மாதிரி சுத்துங்க. எந்த பல்ப் பக்கத்துல 'ஜ்ர்ர்ர்'னு கத்துதோ அது கள்ளன். எங்க வீட்டு ஹால்ல கத்தினது ஃபேன் ரெகுலேட்டர். வட்டமா திருகற எலெக்ட்ரானிக் டைப் ரெகுலேட்டர் உள்ள ஒரு ட்ரையாக் இருக்கும். அது சைன் வேவ் ஒவ்வொரு பாதியிலயும் கொஞ்சத்தை வெட்டிட்டு மிச்சத்தை அனுப்பும். நொடிக்கு 100 தடவை வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி மின்னல் மாதிரி ரேடியோ அலையைத் துப்பும். ஒண்ணு ரெண்டு மூணுன்னு டக் டக்குனு விழற கெப்பாசிட்டர் டைப் ரெகுலேட்டர்ல இந்த வெட்டு வேலை கிடையாது. சில நூறு ரூபாய்தான். மாத்தின அன்னிக்கே ரேடியோ கத்தல் நின்னுச்சு.

சரி, ஃபில்டர்னா என்னன்னு பாத்துடுவோம். எவ்வளவு விலை போட்டாலும் உள்ள இருக்கறது பெரும்பாலும் மூணே ஐட்டம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு எக்ஸ் கெப்பாசிட்டர். ரெண்டு கம்பியையும் ஒரே வளையத்துல சுத்தின ஒரு சோக். ரெண்டு கம்பியில இருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு ஒய் கெப்பாசிட்டர்.

எக்ஸ் கெப்பாசிட்டரை எடுத்துக்குங்க. 0.1 மைக்ரோஃபாரட்னு வைப்போம். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்கு அது கிட்டத்தட்ட 32,000 ஓம். அதாவது அங்கே ஒண்ணு இருக்கறதே தெரியாது. 1 மெகாஹெர்ட்ஸ் குப்பைக்கு அதே கெப்பாசிட்டர் வெறும் 1.6 ஓம். குப்பை அங்கேயே ஷார்ட் ஆகி முடிஞ்சிடும். இதுதான் வடிகட்டறது.

இப்போ காது கேக்கற எல்லைக்குள்ள வந்து பாருங்க. 1,000 ஹெர்ட்ஸ்ல அது 1,600 ஓம். வீட்டு ஒயரிங்கோட மின்தடை ஒரு ஓம் சுத்திதான் இருக்கும். அதுக்கு எதிரே 1,600 ஓம் வச்சு எதை வடிகட்டறது? ஆக, இந்த சைஸ் ஃபில்டர் பிடிக்கறது எல்லாம் நம்ம காதுக்கு ரொம்ப மேல இருக்கற சமாச்சாரம். ஸ்பீக்கர்ல வர்ற 'ம்ம்ம்' 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் சமாச்சாரம். அதை இது தொடவே தொடாது.

இதுக்கு ஒரு சரித்திரமும் இருக்கு. மின்சாதனம் எவ்வளவு இரைச்சல் துப்பலாம்னு உலகத்துக்கே வரையறை போடற சிஸ்பர்ங்கற கமிட்டி ஆரம்பிச்சது 1934-ல. அந்தக் காலத்துல அவங்க கவலை ஆம்ப்ளிஃபயர் இல்லை, ரேடியோ. மோட்டாரும் ட்ராமும் வந்த ஊர்கள்ல ரேடியோ கேக்க முடியலைன்னு ஜனங்க புலம்பினாங்க. இன்னிக்கும் பெரும்பாலான வீட்டு சாதனங்களுக்கு ஒயர் வழியா போற இரைச்சலை அளக்கறது 150 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைதான். மீடியம் வேவும் ஷார்ட் வேவும் அதுக்குள்ள அடங்கிடும். அதாவது இந்த ஃபில்டர் பிறந்ததே, குப்பை போடற மெஷின்லயே அதை வச்சு, அந்தக் குப்பை தெருவுக்கு வராம தடுக்கறதுக்கு. வாசல்ல குப்பை கொட்டறவன் வீட்ல வைக்க வேண்டிய தொட்டியை நம்ம பூஜை ரூம்ல வச்சுக்கறோம் :-)

அதுக்காக ரேடியோ அலை ஆம்ப்ளிஃபயர்ல கேக்கவே கேக்காதுன்னு சொல்ல வரலை. 2ஜி போன் காலத்துல ஸ்பீக்கர் பக்கத்துல போனை வச்சா, கால் வர்றதுக்கு ரெண்டு நொடி முன்னாடியே 'டிட்டிடிட் டிட்டிடிட்'னு ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? போன் பேசறது 900 மெகாஹெர்ட்ஸ்ல. ஆனா நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்பும். ஆம்ப்ளிஃபயர் உள்ள இருக்கற ட்ரான்சிஸ்டர் அந்த அலையை அரைகுறையா டையோடு மாதிரி வெட்டி, அந்த 217-ஐ மட்டும் நமக்கு ஒலியாக் கொடுத்துடும். வெல்டிங் பொறி, ஃப்ரிட்ஜ் ஆன் ஆகும்போது வர்ற 'டப்' எல்லாம் வீட்டுக்குள்ள நுழையற வழியும் இப்படித்தான். இந்த மாதிரி கேஸுக்கு ஃபில்டர் நெஜமாவே வேலை செய்யும். அதுல சந்தேகமே இல்லை.

இப்போ அப்பா கதைக்கு வரேன்.

அப்பா சிப்காட்ல ஒரு கம்பெனியில பிரஸ் ஷாப்ல 27 வருஷம் இருந்தவர். தகட்டை வெட்டி வளைக்கற டிபார்ட்மென்ட். ரிடையர் ஆனதுக்கப்புறம் அவருக்கு ரெண்டே வேலை. காலையில சந்திரசூடேஸ்வரர் மலை ஏறி இறங்கறது. சாயங்காலம் பாட்டு கேக்கறது. ஆம்ப்ளிஃபயர், அவர் கூட்டாளி ஒருத்தர் எஸ்.பி. ரோட்ல பாகம் வாங்கிட்டு வந்து ஜோடிச்சுக் கொடுத்த அசெம்பிள் செட். எனக்கும் அதுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கேசட் ப்ளேயர் போய், சி.டி. போய், இப்போ செட்டாப் பாக்ஸும் மொபைலும் அதுல மாட்டிக்கிட்டு இருக்கு.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "ஏண்டா, பாட்டுக்கு நடுவுல ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கு. பெங்களூர்ல ஒரு கடையில கேட்டேன். கரன்ட் ஃபில்டர்னு ஒண்ணு இருக்காம், போட்டா நின்னுடுமாம். 35,000 சொல்றான். பி.எஃப். பணத்துல எடுத்துக்கறேன், நீ ஒரு வார்த்தை பாத்து சொல்லு."

27 வருஷம் பஞ்ச் கார்ட் அடிச்ச மனுஷன். தனக்குன்னு ஒரு செருப்பு வாங்கக்கூட ரெண்டு தீபாவளி யோசிப்பார். அவர் வாயிலிருந்து 35,000-னு வந்தா, அந்த இரைச்சல் அவரை எவ்வளவு படுத்துதுன்னு புரிஞ்சுக்கலாம். ரெண்டு சனிக்கிழமை டைம் கொடுங்கன்னு கேட்டேன்.

முதல் சனிக்கிழமை. ஆம்ப்ளிஃபயர்ல சொருகி இருந்த எல்லா ஒயரையும் பிடுங்கிட்டு, வெறும் கரன்ட் மட்டும் கொடுத்து ஸ்பீக்கர்ல காது வச்சேன். 'ம்ம்ம்'னு ஒரு உறுமல். வால்யூமைத் திருகினா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வால்யூமுக்குக் கட்டுப்படாத உறுமல்னா அது ஆம்ப்ளிஃபயரோட பவர் சப்ளையில இருந்து வருதுன்னு அர்த்தம். உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், அதுக்குப் பின்னாடி ரெண்டு பெரிய கெப்பாசிட்டர். ரெக்டிஃபயர் 50 ஹெர்ட்ஸை 100 ஹெர்ட்ஸ் மேடு பள்ளமா மாத்திக் கொடுக்கும். அந்தப் பள்ளத்தை ரொப்பறது கெப்பாசிட்டர் வேலை. 4,700 மைக்ரோஃபாரட் வச்சு 1 ஆம்பியர் இழுத்தா, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமாரா 2 வோல்ட் வித்தியாசம் இருக்கும். இத்தனை வருஷ சூட்டுல உள்ள இருக்கற திரவம் காஞ்சு போச்சுன்னா, பேருக்குத்தான் அது 4,700. வித்தியாசம் எகிறிடும். அதுதான் உறுமல். ரெண்டையும் கழட்டிட்டு புதுசா 10,000 மைக்ரோஃபாரட் போட்டோம். பழசு ரெண்டும் தலை உப்பி இருந்துச்சு. உறுமல் காதை ஒட்ட வச்சாத்தான் கேக்கும்ங்கற அளவுக்கு வந்துடுச்சு. (உள்ள கை வைக்கறவங்க, ஒயரைப் பிடுங்கி கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு வைங்க. தெரியாதவங்க தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.)

அடுத்து செட்டாப் பாக்ஸை மாட்டினேன். வேற ஒரு 'ஹ்ம்ம்ம்' வந்துச்சு. இது 50 ஹெர்ட்ஸ், அடிக்குரல். கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கினா நின்னு போச்சு. இந்த இடத்துலதான் அம்மா வாயைத் திறந்தாங்க. "அந்த ஒயரைத் தொட்டா சுள்ளுங்கும்டா. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். அதனாலதான் நான் செருப்பு போட்டுக்கிட்டுத் திறக்கறேன்."

மல்டிமீட்டர் எடுத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 88 வோல்ட்! ஒண்ணு ரெண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது.

கதை என்னன்னா, வீடு கட்டினப்போ தோண்டின எர்த் குழியில கம்பி துருப்பிடிச்சு அத்துப் போச்சு. வீட்ல எல்லா ப்ளக்லயும் எர்த் ஓட்டை இருக்கு, ஒயர் இருக்கு, ஆனா அது பூமிக்குப் போகலை. இப்போ மேல சொன்ன ஒய் கெப்பாசிட்டரை ஞாபகப்படுத்திக்குங்க. டி.வி., கம்ப்யூட்டர்னு பல பெட்டிக்குள்ளயும் அது ஏற்கனவே குட்டியா இருக்கு. ஃபேஸ்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணு, ரெண்டும் எர்த்துல சேருது. எர்த் பூமிக்குப் போகலைன்னா அந்த சேர்ற இடம் பாதி வோல்டேஜ்ல, அதாவது 115 பக்கத்துல மிதக்கும். 4.7 நானோஃபாரட் ஒண்ணு வழியா 0.34 மில்லிஆம்பியர் கசியும். நாலு பெட்டி சேர்ந்தா 1.3-ஐத் தாண்டும். ஆளைக் கொல்லாது, ஆனா சுள்ளுனு தெரியும். அந்தக் கசிவுதான் ஆம்ப்ளிஃபயர் வழியா, ஆடியோ ஒயர் வழியா, கேபிள்காரர் ஒயர்ல ஏறி வெளிய தப்பிச்சுப் போய்க்கிட்டு இருந்துச்சு. போற வழியில பாட்டுக்குள்ள உறுமிட்டுப் போச்சு.

இந்த வீட்ல 35,000 ரூபாய் ஃபில்டரை மாட்டினா என்ன ஆகும்? அதுலயும் ஒய் கெப்பாசிட்டர் இருக்கும். கசிவு இன்னும் கூடும். அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் இன்னும் நல்லா சுள்ளுங்கும். இதைவிடக் கொடுமை, என்னிக்காவது ஒரு நாள் கீசர்லயோ கிரைண்டர்லயோ ஃபேஸ் ஒயர் பாடியில பட்டா, ஃப்யூஸ் போக வழியே இல்லை. தொட்டவங்கதான் எர்த்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து குழியைப் பாத்துட்டு, "நம்ம ஊரு பாறை பூமி தம்பி. கொஞ்சம் தோண்டினா பாறை. ஈரம் நிக்காது. எர்த் போட்டா மட்டும் போதாது, அப்பப்போ தண்ணி ஊத்தணும்"னார். கிருஷ்ணகிரி மாவட்டமே கிரானைட் மேல உக்காந்திருக்கு, சும்மாவா சொல்றார். புதுசா குழி எடுத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்கா போட்டு, தண்ணி ஊத்தி மூடினோம். கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் மெயின் போர்டுல போட்டாச்சு. நியூட்ரல்-எர்த் 88-ல இருந்து 1.4 வோல்ட்டுக்கு வந்துச்சு. செட்டாப் பாக்ஸ் உறுமல் முக்கால்வாசி போச்சு. மிச்சம் இருந்த கால்வாசிக்கு ஆடியோ ஒயர் நடுவுல ஒரு ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், சில நூறு ரூபாய். டி.வி.யில ஆப்டிகல் அவுட் இருக்கறவங்க அதை எடுத்து ஒரு டி.ஏ.சி.யில கொடுத்தா இந்தத் தொல்லையே கிடையாது, ஒளியில எங்கேருந்து எர்த் வரும்! அம்மா செருப்பில்லாம ஃப்ரிட்ஜ் திறந்தாங்க.

ஒரு கெஞ்சல்: உறுமல் போகணும்னு சில பேர் ப்ளக்ல எர்த் முள்ளை ஒடைச்சு விடுவாங்க. உறுமல் போகும். கூடவே உசுருக்கு இருந்த காவலும் போகும். தயவு செஞ்சு யாரும் அந்த வேலை பண்ணாதீங்க.

ரெண்டாவது சனிக்கிழமை. ஆபீஸ்ல ஒரு நண்பர் கிட்ட நல்ல ஃபில்டர் ஒண்ணு இருந்துச்சு, கடன் வாங்கிட்டு வந்தேன். ஒரு சின்ன பரீட்சை. தங்கச்சி ஸ்க்ரீனுக்குப் பின்னாடி இருந்து காசு சுண்டிப் போடுவா. தலை விழுந்தா ஃபில்டர் வழியா, பூ விழுந்தா நேரா சுவத்துல. அதே பாட்டு, அதே வால்யூம். கேக்கறவங்க எதுன்னு சொல்லணும். ஆளுக்கு 10 தடவை. பத்துக்கு ஒன்பது சரியா சொன்னா ஒத்துக்கலாம், ஏன்னா குருட்டாம்போக்குல ஒன்பதோ பத்தோ சரியா வர வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். அப்பா 6, நான் 4, அம்மா 5. அம்மா அஞ்சாவது ரவுண்டுலயே "ரெண்டும் ஒண்ணுதான், போங்கடா"ன்னு சொல்லிட்டாங்க, மீதி எல்லாம் கட்டாயத்துல சொன்னது.

ஃபில்டரை எடுத்து டப்பாவுல வச்சேன். 35,000 மிச்சம்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போது அப்பா மெதுவா சொன்னார்: "எல்லாம் சரிடா. ஆனா அந்த இரைச்சல் இன்னும் இருக்கே."

"உறுமலாப்பா?"

"உறுமல் இல்லை. அது போயிடுச்சு. இது மேல, கொய்ங்னு. சில்வண்டு மாதிரி."

ஆம்ப்ளிஃபயரை அணைச்சேன். இருக்குன்னார். மெயின் ஸ்விட்சையே இறக்கினேன். ஃபேன் நின்னுச்சு, ஃப்ரிட்ஜ் நின்னுச்சு, தெருவுல ஒரு நாய் குரைக்கறது மட்டும். "இப்போ?"

"இப்போதான் நல்லா கேக்குது."

இருட்டுல அவர் சொன்னது இது. வேலையில சேர்ந்த புதுசுல இருந்தே ஷிஃப்ட் முடிச்சு வந்தா காதுல கொய்ங்னு கேக்குமாம், தூங்கி எழுந்தா போயிடுமாம். அப்புறம் திங்கக்கிழமை வந்தது ஞாயித்துக்கிழமைதான் போகுமாம். கடைசி அஞ்சாறு வருஷமா போறதே இல்லையாம். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஷாப்ல எல்லாருக்கும் இருந்துச்சே."

காது டாக்டர் கிட்ட போனோம். ஆடியோகிராம்னு ஒரு கோடு போட்டுக் கொடுத்தாங்க. சின்ன ஃப்ரீக்வென்சியில நல்லாத்தான் ஓடுது. 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் கிணத்துல விழுந்த மாதிரி இறங்கி, அப்புறம் கொஞ்சம் ஏறுது. அந்தக் கிணறு இரைச்சல்ல வேலை செஞ்சவங்க காதோட கைரேகை மாதிரியாம். உள்காதுல இருக்கற நுண்ணிய மயிர் செல்கள் செத்துட்டா திரும்ப முளைக்காது. அந்த இடத்துல இருந்து சிக்னல் வராததால மூளையே ஒரு சத்தத்தை ரொப்பிக்குதுன்னு டாக்டர் விளக்கினார். டினிட்டஸ்னு பேர். 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 90 டெசிபல்னு நம்ம நாட்டு விதிகள்ல எல்லை வச்சிருந்தாங்க. பிரஸ் ஷாப்ல அதைத் தாண்டறது சாதாரணம். இரைச்சலால காது கேக்காமப் போறது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில தொழில் நோயாவே எழுதியிருந்துச்சு. எழுதியிருந்தது அப்பாவுக்கோ அவர் கூட்டாளிகளுக்கோ யாரும் சொல்லலை.

இதுக்கு மாத்திரை கிடையாதாம். காது மெஷின் போட்டா ஓரளவு அடங்கும். அப்புறம் டாக்டர் சொன்ன இன்னொரு யோசனைதான் என்னை யோசிக்க வச்சது. முழு நிசப்தத்துல இருக்காதீங்க, மெல்லிசா ஏதாவது சத்தம் ஓடட்டும், ஃபேன் சத்தம், மழைச் சத்தம், ரேடியோவோட 'ஸ்ஸ்ஸ்' கூட நல்லதுதான்னார். ஃபில்டர் விக்கறவங்க சொல்ற இருட்டுப் பின்னணி இருக்கே, அது அப்பா மாதிரி ஆளுங்களுக்கு எதிரி. பின்னணி எவ்வளவு இருட்டோ, சில்வண்டு அவ்வளவு சத்தமா கத்தும்.

இப்போ அவருக்குக் காது மெஷின் வாங்கியாச்சு, ரெண்டு காதுக்கும். விலை ஃபில்டரைவிடக் கூடத்தான். பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம்னு நானும் தங்கச்சியும் பங்கு போட்டுக்கிட்டோம். போட்ட முதல் நாள் சாயங்காலம் பாட்டு கேட்டுட்டு, "இந்தப் பாட்டுல ஜால்ரா இருக்காடா?"ன்னு கேட்டார். முதல் சரணத்துல இருந்தே இருக்குப்பான்னேன். திரும்ப முதல்ல இருந்து போடச் சொன்னார்.

சரி, யாரு ஃபில்டர் வாங்கலாம்? பக்கத்துல வெல்டிங் கடை இருந்து, ஒவ்வொரு பொறிக்கும் ஸ்பீக்கர்ல கரகரன்னா வாங்கலாம். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் கேக்கறவங்க வாங்கலாம். அதுக்கும் ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய் சரக்கே தாராளம். எக்ஸ்2, ஒய்2-னு முத்திரை இருக்கற கெப்பாசிட்டர் உள்ள இருக்கான்னு மட்டும் பாருங்க. சாதா கெப்பாசிட்டர் பழுதானா ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம், முத்திரை உள்ளது அப்படி ஆகாம இருக்கறதுக்குன்னே செஞ்சது. அதுக்கு முன்னாடி வரிசையா ரேடியோ எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்துங்க, ரெகுலேட்டரை மாத்துங்க, ஆம்ப்ளிஃபயர் கெப்பாசிட்டரைப் பாருங்க, எர்த்தைக் கண்டிப்பா அளக்கச் சொல்லுங்க. எல்லாம் முடிச்சும் ஃபில்டர் ஆசை போகலைன்னா, காசு சுண்டிப் போட வீட்ல ஒரு தங்கச்சியைத் தயார் பண்ணிக்குங்க.

இன்னொண்ணு. உங்க வீட்ல, சொந்தத்துல யாராவது பிரஸ் ஷாப், ஃபோர்ஜிங், கிரைண்டிங், ஜெனரேட்டர் ரூம்னு வேலை பாத்தா, காதுல வைக்கற ஃபோம் ப்ளக் வாங்கிக் கொடுங்க. ஒரு ஜோடி ஒரு டீ விலைதான். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்க. எங்க சித்தப்பா பையன் டிப்ளமோ முடிச்சிட்டு போன மாசம்தான் ஒரு பிரஸ் ஷாப்ல ட்ரெயினியா சேர்ந்திருக்கான். அப்பா அவனுக்கு ஒரு டப்பா நிறைய வாங்கிக் கொடுத்துட்டு, தினமும் சாயங்காலம் போன் பண்ணி ஒரே கேள்விதான் கேக்கறார்: "வச்சியா?"

பி.கு.: எர்த் குழிக்கு ஏப்ரல், மே மாசம் வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி. மறந்துடாதீங்க.